அப்பாவின் கோட்டில் ஒரு சொட்டுப் பசை

போன டிசம்பரில் பையனுக்குப் பள்ளியில் பாரதி வேஷம். முண்டாசுக்குத் துணி வீட்டிலேயே இருந்தது. மீசைக்கு மை இருந்தது. கறுப்புக் கோட்டுக்குத்தான் அப்பாவின் பீரோவைத் திறக்க வேண்டியிருந்தது. 1976இல் அவருடைய கல்யாண வரவேற்புக்காகத் தைத்தது. வெளியே டெரிவுல், உள்ளே அரக்கு நிறத்தில் பளபளவென்று ஒரு லைனிங். அப்பா அதை அதற்குப் பிறகு நாலைந்து தடவைதான் போட்டிருப்பார். ஆனால் வருஷம் தவறாமல் வெயிலில் காயவைத்து, நாப்தலின் உருண்டை போட்டு, மடித்து வைப்பார். "பாத்து உபயோகிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொடுத்தார்.

பார்த்து உபயோகித்தேன். ஒரு பட்டன் ரெண்டாக உடைந்திருந்தது. அதே மாதிரி பட்டன் இன்று கிடைக்காது என்பதால் உடனடிப் பசை ட்யூப் ஒன்றை வாங்கிவந்து, கோட்டை மடியில் வைத்துக்கொண்டே ஒட்டினேன். ட்யூபை ஊசியால் குத்தியதும் ரெண்டு சொட்டு வெளியே வந்தது. ஒன்று கோட்டின் மார்புப் பக்கம் விழுந்தது. இன்னொன்று என் பருத்தி லுங்கியில் விழுந்தது. லுங்கியில் விழுந்த இடம் அடுத்த நொடி சுரீர் என்று சுட்டது. லேசாகப் புகை வந்த மாதிரிகூட இருந்தது. தொடையில் ஒரு பைசா அளவுக்குச் சிவந்து, மறுநாள் கொப்புளம்.

கொப்புளத்தைவிடக் கோட்டுதான் கவலை. நெட்டில் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: அசிட்டோன், அதாவது நகப்பூச்சு ரிமூவர். மனைவியிடம் இருந்த பாட்டிலை வாங்கி, பஞ்சில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். பத்து நிமிஷத்தில் பசை இளகி வந்துவிட்டது. டெரிவுலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. பெருமையோடு கோட்டைத் திருப்பினேன். உள்ளே லைனிங்கில், சரியாக அந்த இடத்துக்குப் பின்னால், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் பிசின் மாதிரி விறைத்து, உள்பக்கத் துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பசை செய்யாத சேதத்தை, பசையை எடுக்க வந்தது செய்துவிட்டது.

மூன்று துணி, மூன்று விதமான நடத்தை. ஒன்று சுட்டது, ஒன்று தப்பித்தது, ஒன்று கரைந்தே போனது. மென்பொருளில் ஒரே கட்டளை மூன்று கணினியில் மூன்று விதமாக ஓடினால் தூக்கம் வராது இல்லையா, அந்த மாதிரி. நாலைந்து மாதம் ராத்திரி வேளைகளில் இதைத் துருவிக்கொண்டிருந்தேன். ஆரம்பித்தது வேதியியலில். போய் நின்றது ரெண்டு உலகப் போர்களில்.

முதலில் பழைய பசைகளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், அப்போதுதான் இதன் வித்தியாசம் புரியும். மனிதன் பயன்படுத்திய பெரும்பாலான பசைகள் தண்ணீரோடு பிறந்தவை. மாட்டுத் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கிற பசையை நம் ஊர்த் தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்கள். எகிப்தில் தீப்ஸ் நகரத்தில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறை ஓவியத்தில், சுமார் 3,400 வருஷத்துக்கு முன்னால், தச்சர்களுக்குப் பக்கத்தில் அடுப்பின்மேல் ஒரு பசைச்சட்டி இருக்கிறது. அந்தப் பசைக்கும் என் தாத்தா காலத்து நாற்காலியின் வஜ்ஜிரத்துக்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. சூடாக்கினால் இளகும், ஆறினால் பிடிக்கும், மறுபடி சூடான தண்ணீர் பட்டால் விட்டுவிடும். வேட்டியில் பட்டாலும் அப்படித்தான், வெந்நீரில் ஊறவைத்தால் போதும். மைதாப் பசை, அரிசிக் கஞ்சி, கருவேலம் பிசின் எல்லாம் இதே ஜாதி.

அதைவிட முக்கியமான ஒன்று: துணி என்பதே பசை போட்டு நெய்யப்படுவதுதான். சென்னிமலை, பவானி பக்கம் கைத்தறி பார்த்தவர்களுக்குத் தெரியும், பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்ற முடியாது. போடாவிட்டால் நூல் உராய்ந்து பிசிறடித்து அறுந்துவிடும். நெய்து முடித்ததும் அந்தக் கஞ்சியை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயம் ஏறாது. ஆக, துணியிலிருந்து பசையை நீக்குவது வீட்டுக் குறிப்பு ஆவதற்கு ரொம்ப முன்னாலேயே ஒரு தொழில். ஐரோப்பாவில் துணியை நாள்கணக்காகத் தண்ணீரில் ஊறப்போட்டு, கிருமிகள் மாவை அரித்துத் தின்னும்வரை காத்திருப்பார்கள். 1833இல் பயன், பெர்சோ என்ற ரெண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் முளைவிட்ட பார்லியிலிருந்து மாவைச் சர்க்கரையாக உடைக்கிற ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு டயஸ்டேஸ் என்று பேர் வைத்தார்கள். மனிதன் முதன்முதலில் பிரித்தெடுத்த நொதி இதுதான். பின்னால் துணி ஆலைகளில் கஞ்சியை எடுக்க முளைதானியச் சாறு ஊற்றினார்கள். இன்று நொதியே தனியாக வருகிறது. மாவைத் தின்னும் கிருமியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

இந்தப் பழைய பசைகளுக்கெல்லாம் பொதுவான குணம், ஒட்டிய வழியே திரும்பி வரலாம் என்பது. நாம் ஃபெவிகால் என்று பொதுப்பெயராகவே சொல்லிவிட்ட வெள்ளைப் பசை ஒரு நடுத்தரம். அதன் மூலப்பொருளான பாலிவினைல் அசிட்டேட்டை 1912இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் கிளாட்டே கண்டுபிடித்தார். பசை ஈரமாக இருக்கும்போது துணியில் பட்டால் குழாயடியில் கழுவினாலே போய்விடும். காய்ந்த பிறகு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வெந்நீரில் ஊறவைத்து, மிச்சத்தை ஸ்பிரிட்டால் ஒற்றி எடுக்க வேண்டும். எடுத்துவிடலாம்.

என் ட்யூபில் இருந்தது வேறு ஜாதி. சயனோ அக்ரிலேட். இது காய்கிற பசையே இல்லை. தண்ணீரோ கரைப்பானோ ஆவியாகிப் போய் மிச்சம் நிற்கிற கதை இங்கே கிடையாது. ட்யூபுக்குள் இருப்பது தனித்தனி மூலக்கூறுகள். காற்றில், தோலில், துணியில் இருக்கிற துளி ஈரம் பட்டதும் ஒன்று இன்னொன்றின் கையைப் பிடித்து, அது அடுத்ததன் கையைப் பிடித்து, சில நொடிகளில் சங்கிலியாகிவிடும். ஒவ்வொரு பிணைப்பிலும் கொஞ்சம் சூடு வெளியே வரும். கண்ணாடிமேல் ஒரு சொட்டு விழுந்தால் அது தெரியாது. பருத்தியில் கதை வேறு. ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள், ஒவ்வொன்றின் மேலும் ஈரம். சொட்டு முழுக்க ஒரே நேரத்தில் பரவி, ஒரே நேரத்தில் இறுகி, அத்தனை சூட்டையும் ஒரே நேரத்தில் கக்கும். என் தொடைக் கொப்புளத்துக்கு இதுதான் காரணம். இந்தப் பசை கொட்டினால் பழைய பருத்தித் துணியை எடுத்துத் துடைப்பது நமக்குக் கைவந்த பழக்கம். செய்யாதீர்கள். குழந்தைகள் காட்டன் பேண்ட், சாக்ஸ் போட்டிருக்கும்போது இந்த ட்யூபைத் திறக்கவே திறக்காதீர்கள்.

இதைக் கண்டுபிடித்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளரின் குழு, துப்பாக்கிக் குறிபார்ப்பான்களுக்காகத் தெளிவான பிளாஸ்டிக் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. சயனோ அக்ரிலேட்டைச் செய்து பார்த்தார்கள். தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டது. சனியன் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951இல் அதே நிறுவனத்தின் டென்னசிக் கிளையில், ஜெட் விமானத்தின் கண்ணாடிக் கூரைக்குச் சூடு தாங்கும் பிளாஸ்டிக் தேடியபோது அது மறுபடி மேஜைக்கு வந்தது. ஃபிரெட் ஜாய்னர் என்பவர் ஒளிவிலகல் அளக்கும் கருவியின் ரெண்டு பட்டகங்களுக்கு நடுவே ஒரு சொட்டுத் தடவினார். பட்டகங்கள் பிரியவே இல்லை. விலை உயர்ந்த கருவி பாழாகிவிட்டதே என்று அவர் பதறியபோதுதான் கூவருக்குப் பொறி தட்டியது: நாம் தேடியது பிளாஸ்டிக், கையில் இருப்பது பசை. 1958இல் ஈஸ்ட்மன் 910 என்ற பெயரில் கடைக்கு வந்தது. வியட்நாம் போரில் காயப்பட்டவர்களுக்கு ரத்தம் நிற்க இதைத் தெளிப்பானாக அடித்தார்கள், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தாங்கட்டும் என்று. அறுவைச் சிகிச்சைக்கான வகை ஒன்றுக்கு 1998இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. கூவர் 2011இல் 94 வயதில் இறந்தார்.

ஜாய்னரின் பதற்றம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். உலகத்தில் முதன்முதலாக இந்தப் பசையால் பொருளைக் கெடுத்துக்கொண்டு முழித்தவர் அவர். நான் அந்த வரிசையில் எங்கோ பின்னால் நிற்கிறேன்.

ஆக, கறை ஒரு போரின் மிச்சம். அதை எடுத்த அசிட்டோன்? அதற்கு இன்னும் ஒரு போர் பின்னால் போக வேண்டும்.

1889இல் ஃபிரெடரிக் ஏபல், ஜேம்ஸ் டிவார் என்ற இருவர் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகப் புகையில்லாத வெடிமருந்து ஒன்றைச் செய்தார்கள். நைட்ரோகிளிசரின் 58 சதவீதம், வெடிபஞ்சு 37 சதவீதம், வாசலின் 5 சதவீதம். இதை அப்படியே கலக்க முடியாது. அசிட்டோன் ஊற்றிப் பிசைந்தால் வெடிபஞ்சு கரைந்து சப்பாத்தி மாவு மாதிரி ஆகும். அதை இடியாப்பம் பிழிகிற மாதிரி அச்சில் கொடுத்துக் கயிறு கயிறாகப் பிழிந்து காயவைத்தால் அசிட்டோன் பறந்துவிடும். கயிறு வடிவத்தில் இருந்ததால் கார்டைட். குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பொம்மை ரயிலில் போனவர்கள் அரவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 1900களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு கட்டிய கார்டைட் தொழிற்சாலை இன்றும் இருக்கிறது. கல்லூரி நாட்களில் அந்தப் பலகையைக் கடந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தப் பெயருக்கும் அம்மாவின் நகப்பூச்சுக்கும் தொடர்பு இருக்கும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அசிட்டோன் அந்தக் காலத்தில் மரத்தைக் காற்றில்லாமல் சுட்டு எடுக்கப்பட்டது. டன் கணக்கில் மரம் எரித்தால் கொஞ்சம் கிடைக்கும். பிரிட்டன் பெரும்பகுதியை அமெரிக்காவிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. 1915இல் மேற்கு முனையில் பீரங்கிகளுக்குக் குண்டுப் பற்றாக்குறை வந்து, அரசாங்கமே ஆடியது. லாயிட் ஜார்ஜ் தளவாட அமைச்சரானார். அசிட்டோனுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

இங்கேதான் மாவைத் தின்னும் கிருமி திரும்ப வருகிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹைம் வைஸ்மன் என்ற வேதியியலாளர் செயற்கை ரப்பர் செய்வதற்காகப் பியூட்டனால் என்ற ஆல்கஹாலைத் தரும் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் கண்டுபிடித்த கிருமி மக்காச்சோள மாவைத் தின்று பியூட்டனாலைத் தந்தது. கூடவே, கேட்காமலே, அசிட்டோனையும் தந்தது. போருக்கு முன் அசிட்டோன் உபரி. போர் வந்ததும் அசிட்டோன்தான் வேண்டும், பியூட்டனால் உபரி. லண்டனில் ஜின் வடித்த ஆலையில் சோதனை நடந்தது. பிறகு டார்செட்டில் ஹோல்டன் ஹீத் என்ற இடத்தில் கடற்படையின் கார்டைட் ஆலையிலேயே பெரிய தொட்டிகள் கட்டினார்கள். 1917இல் நீர்மூழ்கிகளின் தாக்குதலால் மக்காச்சோளம் வரத்துக் குறைந்தபோது, பள்ளிக் குழந்தைகளை விட்டுக் குதிரைக் கொட்டைகளைப் பொறுக்கச் சொன்னது அரசு. எதற்கு என்று குழந்தைகளுக்குச் சொல்லவில்லை. மூட்டை மூட்டையாகக் குவிந்து, ரயில் நிலையங்களிலேயே அழுகிய கொட்டைகளும் உண்டு. அந்தக் கொட்டையிலிருந்து அசிட்டோன் எதிர்பார்த்த அளவுக்கு வரவும் இல்லை.

வைஸ்மன் 1949இல் இஸ்ரேலின் முதல் ஜனாதிபதி ஆனார். அசிட்டோனுக்கான கைம்மாறாகத்தான் 1917இல் பால்ஃபர் பிரகடனம் வந்தது என்ற தொனியில் லாயிட் ஜார்ஜ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். வைஸ்மனே அதை ஏற்கவில்லை, வரலாறு அலாவுதீன் விளக்குகளோடு விளையாடுவதில்லை என்கிற அர்த்தத்தில் கேலி செய்தார். எனக்கும் அந்தக் கதை கொஞ்சம் அழகாக இருக்கிறது என்பதாலேயே சந்தேகம். ஒரு சீசாத் திரவத்திலிருந்து ஒரு தேசம் பிறந்தது என்பதெல்லாம் வாட்ஸப்பில் ஓடும், ஆவணத்தில் நிற்காது.

போர் முடிந்த பிறகு தலைகீழ். இப்போது அமெரிக்காவில் பியூட்டனாலுக்கு மவுசு. வெடிமருந்துக்காகக் கட்டிய ஆலைகளில் வெடிபஞ்சின் உறவுக்கார நைட்ரோ செல்லுலோஸ் மிதமிஞ்சி இருந்தது. அதைக் கரைத்து 1920களில் கார்களுக்குச் சீக்கிரம் காயும் பெயிண்ட் செய்தார்கள். அதைக் கரைக்க பியூட்டைல் அசிட்டேட், அதற்குப் பியூட்டனால். அதே கரைசலைச் சின்ன சீசாவில் அடைத்தால் நகப்பூச்சு. நகப்பூச்சை எடுக்க எது வேண்டும்? கார்டைட் ஆலையில் வெடிபஞ்சைக் கரைத்த அதே அசிட்டோன். என் மனைவியின் டிரஸ்ஸிங் டேபிளில் அது எப்படி வந்தது என்பதற்கு இதுதான் பதில்.

வெடிபஞ்சின் தொடக்கத்திலும் ஒரு துணிக் கதை உண்டு. 1840களின் நடுவில் பாசல் நகரத்தில் ஷோன்பைன் என்ற பேராசிரியர் வீட்டுச் சமையலறையில் அமிலத்தைக் கொட்டிவிட்டு, மனைவியின் பருத்தி ஏப்ரனால் துடைத்து அடுப்புக்கு மேலே காயப்போட்டாராம், அது பொசுக்கென்று மறைந்துபோனதாம். கொஞ்சம் மசாலா சேர்ந்த கதைதான். ஆனாலும் கறையைத் துடைக்கப்போய் வீட்டில் திட்டு வாங்கிய ஆண்களின் பட்டியலில் அவரைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இனி லைனிங். பொத்தல் விழுந்த அந்த அரக்குத் துணி.

அதே பாசல் நகரத்தில் கமீல், ஹென்றி என்று டிரேஃபஸ் சகோதரர்கள். பருத்தி அல்லது மரக்கூழின் செல்லுலோஸை அசிட்டிக் அமிலக் குடும்பத்தோடு வினைப்படுத்தினால் செல்லுலோஸ் அசிட்டேட் கிடைக்கும். அது நைட்ரோ செல்லுலோஸைப் போலக் குப்பென்று தீப்பிடிக்காது. முக்கியமாக, அசிட்டோனில் நன்றாகக் கரையும். முதல் உலகப் போர் விமானங்கள் மரச்சட்டத்தின்மேல் லினன் துணி போர்த்தியவை. வெறும் துணி காற்றில் தொளதொளக்கும், மழையில் ஊறும். அதன்மேல் அசிட்டேட் கரைசலைப் பூசினால் காய்ந்து, சுருங்கி, மத்தளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். இதற்கு டோப் என்று பேர். கவனியுங்கள், இதுவும் துணியில் பூசிய பசைதான். பவானியில் பாவுக்குக் கஞ்சி, பிரான்சில் இறக்கைக்கு அசிட்டேட்.

டோப் பூசிய கதையில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. ஆரம்பத்தில் சில வகை டோப்பில் டெட்ராகுளோரோ ஈத்தேன் என்ற கரைப்பான் கலந்திருந்தது. பூசும் கொட்டகைகளில் வேலை செய்தவர்களில் நிறையப் பெண்கள். ஆவியைச் சுவாசித்து அவர்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது, ஈரல் கெட்டுச் சிலர் இறந்தும் போனார்கள். 1914இலேயே லண்டனுக்குப் பக்கத்தில் ஹெண்டனில் இது தெரியவந்தது. அதற்குப் பிறகும் முழுசாகக் கைவிடக் கொஞ்ச காலம் பிடித்தது. காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும் என்று கரைப்பான் பாட்டில்களில் பொடி எழுத்தில் இருக்கும் வரியை நான் அதற்குப் பிறகு அலட்சியமாகப் படிப்பதில்லை.

பிரிட்டிஷ் அரசு டிரேஃபஸ் சகோதரர்களை அழைத்து, டார்பி நகரத்துக்குப் பக்கத்தில் ஸ்பாண்டன் என்ற ஊரில் டோப்புக்காக ஒரு பெரிய ஆலை அமைக்க வைத்தது. ஆலை முழு வேகம் பிடித்த கொஞ்ச நாளிலேயே போர் முடிந்துவிட்டது. விமானம் வேண்டாம், டோப் வேண்டாம். மலையளவு அசிட்டேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நூலாக்கினார்கள். அசிட்டேட்டை அசிட்டோனில் கரைத்துத் தேன் பதத்துக்குக் கொண்டுவந்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வழியாகச் சூடான காற்றுக்குள் பிழிய வேண்டும். அசிட்டோன் பறந்துபோகும், இழை மிஞ்சும். அதே இடியாப்பம்தான், கார்டைட்டுக்குச் செய்தது. 1921இல் செலனீஸ் என்ற பெயரில் நூல் விற்பனைக்கு வந்தது. பட்டு மாதிரி பளபளப்பு, வழவழப்பு, விலை கம்மி. பழைய சாயங்கள் இதில் ஏறவில்லை என்பதால் 1920களில் புது வகைச் சாயங்களையே உருவாக்க வேண்டியதாயிற்று. அந்தச் சாயங்கள்தான் பின்னால் வந்த பாலியஸ்டருக்கும் கைகொடுத்தன. கோட்டின் கைகளுக்குள் கை சுலபமாக வழுக்கிப் போக வேண்டும் என்பதால் தையல்காரர்களுக்கு அசிட்டேட் லைனிங் ரொம்பப் பிடித்துப்போனது.

இப்போது என் மேஜையில் என்ன நடந்தது என்று புரிகிறதா? பாலியஸ்டரையும் கம்பளியையும் அசிட்டோன் ஒன்றும் செய்யாது, அதனால் டெரிவுல் தப்பித்தது. லைனிங்கை அது எரிக்கவில்லை, அரிக்கவும் இல்லை. எந்தக் கரைசலிலிருந்து அந்தத் துணி இழையாக வெளியே வந்ததோ, அந்தக் கரைசலுக்கே திருப்பி அனுப்பியது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் ரோல்பேக். நான் பசையை ரோல்பேக் செய்யப்போய்த் துணியை ரோல்பேக் செய்திருக்கிறேன்.

அதே தப்பை நீங்கள் செய்யாமல் இருக்க: உடனடிப் பசை துணியில் விழுந்தால் முதலில் தொடாதீர்கள், இறுகட்டும், ஆறட்டும். உடம்பில் இருக்கும் துணி என்றால் நிறையப் பச்சைத்தண்ணீர் ஊற்றுங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். இறுகிய பிறகு மேலே நிற்கிற கட்டியை நகத்தாலோ மழுங்கிய கத்தியாலோ மெல்லப் பெயர்க்கலாம், பாதி அதிலேயே போய்விடும். அசிட்டோன் எடுப்பதற்கு முன்னால் உள்தையலில், வெளியே தெரியாத ஒரு மூலையில், ஒரு சொட்டு விட்டு வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். துணி பிசுபிசுத்தால் அசிட்டேட், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் சாயம் மட்டும் ஒட்டினாலும் யோசிக்க வேண்டும். லைனிங் உள்ள துணி என்றால் தையலைப் பிரித்து லைனிங்கை ஒதுக்கிவிட்டுத்தான் வெளித்துணியைத் தொட வேண்டும். நான் செய்யாதது அதுதான். அசிட்டோன் இல்லாதது என்று விற்கும் ரிமூவர்களில் பெரும்பாலும் ஈத்தைல் அசிட்டேட் இருக்கும், அசிட்டேட் துணிக்கு அதையும் நம்ப முடியாது. பிளாஸ்டிக் பட்டன்களையும் தள்ளிவையுங்கள், சிலது மங்கிவிடும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டவே வேண்டாம். பட்டுப்புடவை, ஜரிகை என்றால் நீங்களே முயற்சி செய்யாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பாரதி வேஷம் நன்றாகவே நடந்தது. ஓட்டை உள்ளே இருந்ததால் மேடையில் யாருக்கும் தெரியவில்லை. அப்பாவிடம் மூன்று நாள் கழித்துத்தான் சொன்னேன். கோட்டை வாங்கி, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "வெளிய ஒண்ணும் ஆகலயே" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

டவுன்ஹால் பக்கத்தில் அப்பாவுக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். லைனிங்கைத் தடவிப் பார்த்தவுடனே, "இது அந்தக் காலத்துச் சரக்குங்க, இப்ப எல்லாம் பாலியஸ்டர்தான் வருது. ஒட்டுப் போட்டா அசிங்கமா இருக்கும், அந்தப் பக்கம் முழுசா மாத்திரலாமுங்க" என்றார். மாற்றினார். கொஞ்சம் வெளிறிய அரக்கு நிறம், பழையதோடு சரியாகப் பொருந்தவில்லை. கழற்றிய பழைய துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதிலிருந்து உள்ளங்கை அளவு வெட்டி, மொட்டை மாடியில் ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரில் போட்டு, அசிட்டோனை ஊற்றிக் குச்சியால் கலக்கினேன். முதலில் துணி வழவழத்தது, பிறகு ஓரம் தெரியாமல் போனது, அரை மணி நேரத்தில் டம்ளரில் துணியே இல்லை. அரக்கு நிறத்தில் தேன் மாதிரி ஒரு திரவம். தையல் நூல் மட்டும் கரையாமல் குச்சியில் சுற்றிக்கொண்டு வந்தது. திரவத்தைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி நிழலில் வைத்தேன். சாயங்காலம் உரித்தெடுத்தால் மெல்லிய தாள், விறைப்பாக, தட்டினால் படபடவென்று சத்தம். காற்றில் ஈரம் இருந்ததால் ஓரங்கள் மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தன. நடுவில் தெளிவு. 1917இல் ஒரு விமான இறக்கைமேல் காய்ந்ததும் ஏறக்குறைய இதுதான்.

கீழே கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விமானம், வெடிமருந்து, குதிரைக் கொட்டை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கல்யாணத்தன்னிக்கு இது உள்ள ஒரே வேர்வை. கழட்டிடலாமான்னு பாத்தேன். உங்க தாத்தாதான் விடல" என்றார்.